மணத்துக்கு மருந்து வேடம் எதற்கு?

நறுமண எண்ணெய் விற்கும் கடைகளில் இப்போதெல்லாம் மணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. லாவண்டருக்கு உறக்கம் வரவழைக்கும் வேலை, எலுமிச்சைக்கு உற்சாகம் ஊட்டும் வேலை, யூகலிப்டஸுக்கு நோயைத் தடுக்கும் வேலை என்று ஒவ்வொரு குப்பிக்கும் ஓர் உத்தியோகம் அளிக்கப்பட்டிருக்கிறது. சும்மா மணந்துகொண்டிருக்கும் குப்பி ஒன்றையும் காணோம். நல்ல மணம் மனத்துக்கு இதமளிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த இதத்தை அதன் போக்கில் விடாமல், மருத்துவரின் அங்கியை மாட்டி நிறுத்தியிருப்பதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. 'எசென்ஷியல் ஆயில்' என்பதை 'அத்தியாவசிய எண்ணெய்' என்று மொழிபெயர்த்திருப்பதைப் பல இடங்களில் காணலாம். அந்த ஆங்கிலச் சொல் இங்கே அவசியத்தைக் குறிக்கவில்லை. தாவரத்தின் சாரத்தைக் குறிக்கிறது. எண்ணெய் என்பதும் அவ்வளவு பொருத்தமில்லை. எள்ளின் நெய்யே எண்ணெயாயிற்று. வடமொழியில் எள்ளைக் குறிக்கும் திலத்திலிருந்துதான் தைலமும் வந்தது. இவையோ செக்கில் ஆட்டி எடுத்த கொழுப்பெண்ணெய்கள் அல்ல. இலையையும் பூவையும் கலத்தில் இட்டு நீராவி செலுத்தி, வெளிவரும் ஆவியைக் குளிரவைத்து, நீரின்மேல் மிதப்பதைப் பிரித்தெடுப்பதே பெரும்பாலும் கையாளப்படும் வழி. (எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களைப் பிழிந்து எடுப்பதும் உண்டு. மல்லிகைக்கு இந்த நீராவி முறை ஒத்துவராது. அதன் மணத்தைக் கரைப்பான் கொண்டுதான் எடுக்கிறார்கள். ஆகவே மலிவு விலையில் நீராவியில் வடித்த மல்லிகைத் தைலம் என்று யாராவது நீட்டினால் சற்றே சந்தேகப்படுவது நல்லது.)

'அரோமாதெரபி' என்ற பெயரைச் சூட்டியவர் பிரான்ஸின் லியோன் நகரைச் சேர்ந்த வேதியியலாளர் ரெனே மோரீஸ் கத்ஃபோஸே. 1937இல் அப்பெயரிலேயே ஒரு நூலும் வெளியிட்டார். ஆய்வகத்தில் கை வெந்தபோது அருகிலிருந்த லாவண்டர் தொட்டிக்குள் கையை விட்டார், வலி பறந்தது, தழும்புகூட மிஞ்சவில்லை என்றொரு கதை அறிமுக நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அவர் எழுதிவைத்திருப்பது வேறு. 1910 ஜூலையில் நேர்ந்த வெடிவிபத்தில் உடலில் பற்றிய தீயைப் புல்தரையில் உருண்டு அணைத்தார். பிறகு இரு கைகளிலும் தசையை அழுகவைக்கும் கடுமையான தொற்று பரவியது; லாவண்டர் சாரத்தால் கழுவியதும் அது நின்றது என்கிறார். கிருமிநாசினியாகத்தான் அவர் அதைக் கையாண்டார். அந்நிகழ்ச்சியில் மன அமைதிக்கு இடமே இல்லை. மசாஜும் அழகுக்கலையும் இதனோடு சேர்ந்தது பின்னால், மார்கெரித் மோரி போன்றவர்களின் வழியாக. புண்ணைக் கழுவியவர் ஈட்டிய மருத்துவப் பெயரை இன்று ஸ்பா அறையின் மெழுகுவத்திகள் அனுபவித்துக்கொண்டிருக்கின்றன.

மணம் மனத்தைத் தொடுவதற்கு உடலில் வழி இருக்கிறது. பார்வையும் ஓசையும் மூளையின் தலாமஸ் என்ற சந்திப்பைக் கடந்தே செல்கின்றன. மணமோ அங்கே காத்திராமல், நினைவோடும் உணர்ச்சியோடும் தொடர்புடைய பகுதிகளை எட்டிவிடுகிறது. (இந்த இடத்தில் ப்ரூஸ்டை அழைத்துவராததற்கு வாசகர்கள் என்னைப் பாராட்ட வேண்டும்.) ஆனால் மனத்தைத் தொடுவது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 56 பேருக்கு எலுமிச்சை, லாவண்டர், வெறும் நீர் ஆகியவற்றை முகரக் கொடுத்தார்கள். எலுமிச்சை மணம் மனநிலையை உயர்த்தியது. அமைதிக்கு அதிபதி என்று போற்றப்படும் லாவண்டர் அதையும் செய்யவில்லை. வலி, தோல் ஆறும் வேகம், நோயெதிர்ப்பு ஆகியவற்றை அளந்தபோது இரண்டுமே நீரைவிட மேலாக உதவியதாகத் தெரியவில்லை. ஓர் ஆய்வைக் கொண்டு தீர்ப்பெழுத முடியாது என்பது உண்மையே. எனினும், மனநிலை உயர்ந்ததே, அது போதாதா என்பது என் கேள்வி.

நம் ஊரில் இதற்கு நல்ல சான்று நீலகிரித் தைலம். 1840களில் ஆங்கிலேயர் உதகைப் பக்கம் கொண்டுவந்து நட்ட ஆஸ்திரேலிய மரம் அது. விறகுக்காகப் பெருகிய அம்மரத்தின் தைலம் இன்று மலையின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டுவிட்டது. சளி பிடித்த இரவில் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு முகர்ந்தவர்களுக்கு அந்த ஆறுதல் தெரியும். இவ்வகை ஆறுதல் குறித்துச் சுவையான செய்தி ஒன்று உண்டு. மெந்தாலை முகர்ந்தவுடன் மூச்சு தாராளமாகச் செல்வதாக உணர்கிறோம். கருவி கொண்டு அளந்தால் மூக்கடைப்பு அப்படியே இருக்கிறது. குளிர்ச்சியை அறியும் நரம்பு முனைகள் தூண்டப்படுவதே காரணம். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தவிப்பு அந்தச் சில நிமிடங்களுக்குக் குறைவது மெய்தான். அடைப்பே நீங்கிவிட்டது என்று விற்கும்போதுதான் பொய் தொடங்குகிறது.

அந்தப் பொய்யால் விளையும் கேடு சிறிதல்ல. 2014இல் எபோலா பரவியபோது, எண்ணெய் விற்கும் நிறுவனங்களின் பெயரால் அந்நோய்க்கும் பரிகாரம் பேசப்பட்டது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப நேர்ந்தது. தென்னிந்திய நரம்பியல் மருத்துவர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு, பெரியவர்களுக்கு வந்த வலிப்புகளில் சிலவற்றுக்கு யூகலிப்டஸும் கற்பூரமும் கலந்த தைலங்களோடு தொடர்பு இருப்பதைச் சுட்டிக்காட்டியது. குழந்தைகளுக்கோ அபாயம் இன்னும் அதிகம். யூகலிப்டஸ் தைலம் ஒரு தேக்கரண்டி அளவு வயிற்றுக்குள் போனாலும் சிறு குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரலாம். கைக்குழந்தையின் மூக்கருகே தடவுவதும் ஆகாது. மருந்து என்று நம்புகிறவர்கள் மருந்துக்குக் காட்டும் அச்சத்தையாவது அதற்குக் காட்ட வேண்டாமா? அதுவும் இல்லை. செடியிலிருந்து வந்தது தீங்கு செய்யாது என்கிறார்கள். மாத்திரைகளை அலமாரியின் மேல்தட்டில் எட்டாமல் வைக்கிற அதே வீட்டில், தைலக் குப்பி மூடி தளர்ந்து குழந்தையின் தலையணையோரம் கிடக்கிறது.