அழிச்சுப் போட்டுத் திரும்பப் போடாதேங்கோ



இந்த வாரப் பொட்காஸ்ட்டில் ஒரு கேள்வி வந்தது, கேட்டிருப்பீங்கள். "எடிட்டர் திறந்த உடனேயே விழுந்து போகுது எண்டால் முதல்ல என்ன செய்யிறது?" நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்ன பதில்: "அழிச்சுப் போட்டுத் திரும்ப இன்ஸ்டால் பண்ணு." சிரிச்சுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டம். பதிவு முடிஞ்சு வீட்டுக்குக் காரில் வரேக்கைதான் எனக்கு உறுத்தத் தொடங்கியது. அந்தப் பதில் பிழை. பிழை எண்டு 2018இலேயே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சிரிச்சுப் போட்டன். அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

2018இல் நான் ரொறன்ரோ நகர மையத்தில் ஓர் அலுவலகத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் இருந்தேன். ஒப்பந்தக்காரன் எண்டால் மணித்தியாலக் கணக்கு. வேலை செய்த மணிக்குத்தான் காசு. என்ர எடிட்டரைத் திருத்தின மணிக்கு ஒருத்தரும் தரமாட்டினம். முதல் நாள் இரவு லப்டொப்பில் லினக்ஸைப் புதுப் பதிப்புக்கு மாற்றியிருந்தேன். காலையில் ஈமாக்ஸைத் திறந்தால், ஜன்னல் ஒரு கணம் மின்னி மறைந்துவிட்டது. திரும்பத் திறந்தேன். திரும்ப மறைந்தது.

பக்கத்து மேசைக்காரர் நல்ல மனிசன். எட்டிப் பார்த்துப்போட்டுச் சொன்னார்: "கொன்ஃபிக் முழுக்க அழிச்சுப் போட்டுப் புதுசா தொடங்கு. இல்லாட்டி வேற எடிட்டருக்கு மாறு." நியாயமான ஆலோசனைதான். அதைக் கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் வேலை தொடங்கியிருக்கும். ஆனால் என்ன நடந்தது எண்டு எனக்கு இன்றைக்கும் தெரிஞ்சிருக்காது.

நான் செய்தது இதுதான். ஐகொனை விட்டுவிட்டு டெர்மினலில் இருந்து ஈமாக்ஸை ஓட்டினேன். ஐகொனில் திறந்தால் செத்தது மட்டும்தான் தெரியும். டெர்மினலில் திறந்தால் சாகும்போது சொன்ன கடைசி வார்த்தையும் தெரியும். வந்தது 'எக்ஸ் புரொட்டொகோல் எரர், பேட்லெங்த்' என்ற ஒரு வரி. திரையை வரைந்து தரும் எக்ஸ் சேவையகத்துக்கு ஈமாக்ஸ் அனுப்பிய கோரிக்கை ஒன்றின் நீளம் சரியில்லை என்று பொருள். அப்போது எனக்கு அது பாதிதான் விளங்கியது. எழுதி வைத்துக்கொண்டேன்.

அடுத்தது, ஈமாக்ஸுக்கு ஒரு கோடும் பெரிய எழுத்து 'க்யூ'வும் கொடுத்து ஓட்டினேன். என்னுடைய எந்த அமைப்பையும் படிக்காமல் வெறும் ஈமாக்ஸாக அது திறக்கும். திறந்தது. சரி, ஈமாக்ஸ் தானாகச் சாகவில்லை. என்னுடைய ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. பிறகு என் முழு அமைப்போடும், ஆனால் டெர்மினலுக்குள்ளேயே ஓடும் முறையில் திறந்து பார்த்தேன். அதுவும் திறந்தது! இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேணும். அதே கொன்ஃபிக், அதே கோப்புகள். ஜன்னலில் வரைந்தால் சாகுது, டெர்மினலில் எழுதினால் சாகவில்லை. அப்படியெண்டால் நான் எழுதிய லிஸ்ப் நிரல் பிழையாக இருக்க வாய்ப்புக் குறைவு. வரையும் இடத்தில்தான் கோளாறு. தொடக்கக் கோப்பின் பிழைகளைக் காட்டும் 'டிபக் இனிட்' தெரிவு ஏன் ஒன்றுமே சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. அது லிஸ்ப் பிழையைத்தான் பிடிக்கும். என்னுடைய வரிகள் எல்லாம் ஒழுங்காக ஓடி முடிஞ்சு, அதுக்குப் பிறகுதான் ஈமாக்ஸ் செத்தது.

அடுத்தது பாதி வெட்டுதல். என் கொன்ஃபிக் ஏறத்தாழ 600 வரி. ஒவ்வொரு வரியாகப் பார்த்தால் பின்னேரம் ஆகிடும். பாதியை மறைத்துவிட்டுத் திறந்தேன். சாகவில்லை என்றால் குற்றவாளி மறைத்த பாதியில். அந்தப் பாதியில் பாதி. அதில் பாதி. 1024 வரி இருந்தாலும் பத்தே வெட்டில் ஒரு வரிக்கு வந்துவிடலாம். கம்ப்யூட்டர் சயன்ஸ் முதல் வருஷத்தில் பரீட்சைக்காகப் படிச்ச அதே பைனரி சேர்ச்தான். கிடைத்த வரி: தொடங்கும்போது என் குறிப்புக் கோப்பைத் திறக்கச் சொல்லும் வரி. அதில் ஒரு பிழையும் இல்லை, வருஷக்கணக்காக அங்கேயே இருக்கிற வரி.

வெறும் ஈமாக்ஸில் அந்தக் குறிப்புக் கோப்பைத் திறந்தேன். உடனே செத்தது. ஆக, கொன்ஃபிக் நிரபராதி. கோப்பின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு டெர்மினல் முறையில் திறந்து அதையும் பாதி பாதியாக வெட்டினேன். 400 வரி, ஒன்பது வெட்டு. கடைசியில் கையில் மிஞ்சியது அம்மாவின் செய்தி. இரண்டு வாரத்துக்கு முன் அம்மா அனுப்பிய சாமான் பட்டியல், மறக்காமல் இருக்க அப்படியே ஒட்டி வைத்தது. "தேங்காய்ப்பால் 4 டின், சிவப்பரிசி, அப்பாவின்ர மருந்து மறந்திடாதை" என்று எழுதி, கடைசியில் கைகூப்பும் எமோஜி ஒன்று.

அந்த எமோஜிதான்.

இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தது ஏன் நேற்று இரவு கெட்டது? புதுப் பதிப்போடு ஒரு வண்ண எமோஜி எழுத்துரு வந்திருந்தது. பழைய பதிப்பில் அந்த இடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படமோ வெறும் பெட்டியோதான் தெரியும். இப்போது ஈமாக்ஸ் போய் அந்த வண்ண எழுத்துருவை எடுத்து, எக்ஸ்எஃப்டி என்ற நூலகத்திடம் "இதை வரை" என்று கொடுக்கிறது. அந்த நூலகம் வண்ணப் படங்களாக இருக்கும் எழுத்துகளுக்காக எழுதப்பட்டது அல்ல. அது அனுப்பும் கோரிக்கையை எக்ஸ் சேவையகம் மறுக்க, ஈமாக்ஸ் விழுகிறது. அந்த எழுத்துருவை மட்டும் கழற்றிப் பார்த்தேன், திறந்தது. திரும்ப மாட்டினேன், செத்தது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்தான். இல்லாட்டி எது காரணம் எண்டு சத்தியம் பண்ண ஏலாது.

பிறகு ஜிடிபி போட்டும் உறுதி செய்தேன். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எக்ஸ் கோரிக்கைகள் கூட்டமாகப் போகும்; பிழைச் செய்தி பிந்தித்தான் திரும்பி வரும். அதற்குள் நிரல் வேறு எங்கேயோ போயிருக்கும். அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பதிலுக்குக் காத்திருக்கும் முறையில் ஓட்ட வேணும். இல்லாட்டி டிபக்கர் காட்டுவது அப்பாவி ஒருத்தனின் முகவரியாக இருக்கும். இது என் மூளையில் உதிச்சதில்லை. ஈமாக்ஸ் மூலநிரலோடு 'டிபக்' என்ற பெயரிலேயே ஒரு கோப்பு வரும். யாரோ பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

மொத்தம் மூன்று மணித்தியாலம். காசில்லாத மூன்று மணித்தியாலம். அன்றைக்கு இரவு எட்டரை வரைக்கும் இருந்து அதை ஈடு செய்தேன்.

"இதெல்லாம் தேவையா அண்ணா?" என்று கேட்பீங்கள். நியாயமான கேள்வி. எல்லாருக்கும் மூன்று மணித்தியாலம் கிடைக்காது. பிள்ளை இருக்கிறவை, இரண்டு வேலை செய்யிறவை இருக்கினம். நான் சொல்வது முழுப் புலனாய்வும் செய்யுங்கோ எண்டில்லை. அழிக்கிறதுக்கு முதல் பத்து நிமிஷம் பொறுங்கோ எண்டுதான். கடைசிப் பிழை வரியைப் பிரதி எடுங்கோ. கொன்ஃபிக் அடைவின் பெயரை மாற்றி வையுங்கோ, அழிக்காதேங்கோ. வெறும் எடிட்டரில் அன்றைய வேலையை முடியுங்கோ. மிச்சத்தைச் சனிக்கிழமை பார்க்கலாம். நாங்கள் அழிக்கிறது குப்பையை மட்டுமில்லை, சாட்சியையும்தான். என்ர விஷயத்தில் கொன்ஃபிக்கை அழிச்சிருந்தால் எடிட்டர் திறந்திருக்கும். நான் கொன்ஃபிக்கைத்தான் பழி சொல்லியிருப்பேன். அடுத்த முறை அம்மாவின் செய்தியைத் திறக்கும்போது திரும்ப விழுந்திருக்கும்.

இப்ப பலர் பிழைச் செய்தியை அப்படியே சாட்பொட்டில் ஒட்டிக் கேட்கிறோம். நானும் கேட்கிறேன். ஆனால் "எடிட்டர் திறக்குதில்லை" என்று மட்டும் கேட்டால் அதுவும் பக்கத்து மேசைக்காரர் சொன்னதைத்தான் சொல்லும். "வெறும் எடிட்டரில் இந்த ஒரு எழுத்தைத் திறந்தால் சாகுது, டெர்மினலில் சாகவில்லை" என்று கேட்டால் கிடைக்கும் பதில் வேற. பாதி வெட்டும் வேலை இன்னும் எங்கட வேலைதான்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. அன்றைக்கு இணையத்தில் தேடியபோது அதே இடத்தில் விழுந்த பலர் ஏற்கனவே முறைப்பாடு எழுதியிருந்தார்கள். அவர்கள் எழுதினதால்தான் எனக்கு விடை உறுதியானது. பின்னர் ஈமாக்ஸே, எக்ஸ்எஃப்டி வழியாக வரையும்போது வண்ண எழுத்துருக்களைத் தொடாமல் விடும் வழியை இயல்பாக வைத்துக்கொண்டது. 2022இல் வந்த எக்ஸ்எஃப்டி 2.3.5 வண்ண எழுத்துகளை வரையவே பழகிவிட்டது. எமோஜிக்கு இது நடந்தது, ஏனென்றால் எமோஜி உலகத்தில் எல்லாரிடமும் இருக்கிறது.

தமிழ் அப்படியா? 2018 பெப்ரவரியில் தெலுங்கு எழுத்துக் கூட்டு ஒன்று ஐபோன்களில் செயலிகளை விழுத்தியது ஞாபகம் இருக்கலாம். கோடிக்கணக்கானோர் பேசும் மொழி, அதனால் சத்தம் கேட்டது, 11.2.6 பதிப்பில் சீக்கிரமே திருத்தம் வந்தது. ஆனால் ஒரு சின்னத் திறந்த மூல எடிட்டரில், தமிழ்ப் பெயர் வைத்த ஃபோல்டரைத் திறந்தால் விழுகிறது என்று வையுங்கோ. அதை யார் கண்டுபிடிப்பது? எழுதினவருக்குத் தமிழ் தெரியாது. அவருடைய சோதனைக் கோப்பில் தமிழ் இருக்காது. அந்தக் கோப்பு எங்கட கணினியில்தான் இருக்கிறது.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. யூனிவர்சிற்றிக் காலத்தில் நான் குறிப்புகளைத் தமிழில்தான் எழுதுவேன். அந்த நாள் டெர்மினலில் தமிழ் எழுதினால் கர்சர் ஓர் இடத்தில் நிற்கும், எழுத்து இன்னோர் இடத்தில் விழும். கொம்பும் காலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. "ஆருக்கு இது வேணும்" எண்டு நானே முடிவெடுத்து, இங்கிலிஷில் எழுதத் தொடங்கினேன். இரண்டு வருஷத்தில் அது பழக்கமாகி விட்டது. 2018இல் அந்தக் கோப்பை வரி வரியாக வெட்டேக்கைதான் பார்த்தேன்: 400 வரியில் தமிழ் இருந்தது அம்மா எழுதினது மட்டும். ஒரு பிழையைச் சொல்லாமல் விட்டதால் போனது ஒரு கர்சர் மட்டும் இல்லை.

இன்றைக்கு நிலைமை நல்லது. 2020இல் வந்த ஈமாக்ஸ் 27இல் இருந்து எழுத்துகளைக் கோக்கும் வேலையை ஹார்ஃபஸ் செய்கிறது. ஃபயர்ஃபொக்ஸிலும் குரோமிலும் தமிழைக் கோப்பதும் அதே நூலகம்தான். ஈமாக்ஸில் கன்ட்ரோல் எச், பிறகு எச் அழுத்திப் பாருங்கோ. உலக மொழிகளின் வணக்கங்களோடு எங்கட 'வணக்கம்' உம் வரும். யாரோ கேட்டு, யாரோ சேர்த்து, யாரோ சோதிச்சு வந்தது அது.

ஆகவே அடுத்த முறை ஏதாவது திறந்த உடனே விழுந்தால், ஐந்து வரி எழுதுங்கோ: எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், வெறும் எடிட்டரில் இருந்து தொடங்கி விழுத்துவது எப்படி, நீங்கள் எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன. ஈமாக்ஸில் இதற்கென்றே 'ரிப்போர்ட் ஈமாக்ஸ் பக்' என்று ஒரு கட்டளை உண்டு. பதிப்பு விபரங்களை அதுவே நிரப்பும். உங்கட தமிழ் கொச்சை, இங்கிலிஷ் குறை எண்டெல்லாம் வெட்கப்படத் தேவையில்லை. சின்ன உதாரணக் கோப்பு ஒன்றை இணைத்தால் அதுவே பேசும்.

பொட்காஸ்ட்டில் நாங்கள் சொன்ன பதிலை நான் திரும்பப் பெறுகிறேன். மற்றவர்களோடு அடுத்த வாரம் சண்டை பிடிக்கிறேன், கேளுங்கோ. உங்களிடம் தமிழ் எழுத்தால் விழுந்த மென்பொருள் ஏதும் இருந்தால் இந்த மடலுக்கே பதில் போடுங்கோ. சேர்ந்து பாதி வெட்டிப் பார்ப்பம்.