குரோ லைட் வாங்கும் முன் கேட்க வேண்டிய எண்

அறைக்குள் அடுக்கு கட்டி, மண்ணில்லாமல் லெட்யூஸ், பேசில் வளர்த்து நகரத்து ஓட்டல்களுக்குக் கொடுக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் விதை, உரக்கரைசல், குழாய் எல்லாவற்றையும் நாலு இடத்தில் விசாரிப்பவர்கள்கூட, விளக்கை மட்டும் வாட்டையும் நிறத்தையும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். மாதாமாதம் பணத்தைத் தின்பது அந்த விளக்குதான்.

விளக்கு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைத்தான் வாட் சொல்லும். பயிருக்கு எவ்வளவு ஒளி கொடுக்கிறது என்பதைச் சொல்லாது. அதிலும் பெட்டியில் '1000 வாட்' என்று பெரிதாக அச்சிட்டு, உண்மையில் 100 வாட் அளவில் ஓடும் விளக்குகள் ஆன்லைனில் விற்பனையாகின்றன. லூமென் கணக்கும் உதவாது. அது மனிதக் கண்ணுக்கான அளவு. வீட்டு பல்புகளில் உள்ள நட்சத்திரக் குறியும் லூமெனை வைத்துத்தான்.

கேட்க வேண்டியது வேறொரு எண்: ஒரு ஜூல் மின்சாரத்துக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளி? சாதாரண வெள்ளை எல்.இ.டி. டியூப்கள் பெரும்பாலும் 1.4, 1.5 அளவில் நிற்கும். தரமான குரோ லைட் 2.5-ஐத் தாண்டும். 2.8-ம் கிடைக்கிறது.

லெட்யூஸுக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 14 மோல் ஒளி என்று வைத்துக்கொள்வோம். 2.8 விளக்கு இதற்கு சுமார் 1.4 யூனிட் எடுக்கும்; 1.4 விளக்கு 2.8 யூனிட். 10 சதுர மீட்டர் தட்டுகளுக்கு மாதம் ஏறக்குறைய 420 யூனிட் வித்தியாசம். யூனிட் 8 ரூபாய் என்றால் 3,300 ரூபாய்க்கு மேல். தட்டுக்கு வெளியே சிதறும் ஒளி இதில் சேரவில்லை. போதாக்குறைக்கு, விளக்கு இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் அறைக்குள் வெப்பமாகிவிடும். சித்திரை மாதத்தில் அதை வெளியேற்ற ஏ.சி. எவ்வளவு ஓட வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்! பம்புசெட்டுக்குள்ள இலவச மின்சாரம் இந்த அறைக்கும் வரும் என்று நீங்களாகவே முடிவு செய்துவிட வேண்டாம். மின்வாரிய அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

ஊதா விளக்குதான் பயிருக்கு ஏற்றது என்று கடைக்காரர் சொல்வார். சிவப்பும் நீலமும் பயிருக்குத் தேவை என்பது சரிதான். ஆனால் வெள்ளை விளக்கிலும் இரண்டும் உண்டு. ஊதா வெளிச்சத்தில் இலை கறுத்துத் தெரியும். மஞ்சளிப்பும் பூச்சியும் கண்ணில் படாது. 2014-ல் விண்வெளி நிலையத்துக்குப் போன 'வெஜ்ஜி' பயிர்ப் பெட்டியிலேயே, செடி இயல்பாகத் தெரிய வேண்டும் என்று சிவப்பு, நீலத்தோடு பச்சை விளக்கையும் சேர்த்தார்கள். வெள்ளையோடு கொஞ்சம் சிவப்பு கலந்த விளக்கே என் தேர்வு.

இரண்டு தட்டு மைக்ரோகிரீன்ஸுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம், டியூப்லைட்டே போதும். லெட்யூஸுக்கும்கூட இடம் இருந்தால் முதலில் நிழல்வலைக் குடிலைத்தான் சொல்வேன். வெயில் நாளில் திறந்தவெளியில் 40 மோல் வரை ஒளி சும்மாவே கொட்டுகிறது.

திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் விரிவாக்க அலுவலர்கள், விளக்குக்கான வரியில் 'எல்.இ.டி., 40 எண்ணிக்கை' என்று எழுதி நிறுத்தாமல், ஜூலுக்கு எத்தனை மைக்ரோமோல் என்பதையும் அதற்கான சோதனை அறிக்கையையும் கேட்க வேண்டும். அதைத் தர முடியாத கடையில் விளக்கு வாங்க வேண்டாம்.