"ஜெபம் பண்ணும்போது கண்ணை மூடணுமாடா?" - கெஸ்ட் லெக்சரர் அக்காவின் முதல் மாதம்!

ராத்திரி பத்தரை மணி. வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் நோட். பேரையூரிலிருந்து அக்கா. பெரியம்மா மகள்.

"டேய் தம்பி, தூங்கிட்டியா? ஒரே ஒரு சந்தேகம். ஜெபம் பண்ணும்போது எல்லாரும் கண்ணை மூடுவாங்கள்ல, நானும் மூடணுமா? மூடலைன்னா தப்பா நெனப்பாய்ங்களோ?"

மறுநாள் சனிக்கிழமை, மதுரையில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் அக்காவுக்கு ஓரியன்டேஷன். எம்.காம் முடித்து, 'நெட்' பாஸ் செய்து, ரெண்டு வருஷமாக வீட்டுத் திண்ணையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அக்கவுன்டன்ஸி டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவள். சுயநிதிப் பிரிவில் கெஸ்ட் லெக்சரராக எடுத்திருந்தார்கள். நல்ல தமிழில் சொன்னால் கௌரவ விரிவுரையாளர். "கௌரவம் பேர்லயே இருக்கு, சம்பளத்துல எதுக்குன்னு விட்டுட்டாய்ங்க போல" என்பது பெரியப்பாவின் கமென்ட்.

நான் சி.எஸ்.ஐ. ஸ்கூலில் படித்தவன் என்பதால் இந்த விஷயத்தில் குடும்பத்துக்கே நான்தான் எக்ஸ்பர்ட். "மூடுறதும் மூடாததும் உன் இஷ்டம்க்கா. நான் கண்ணை மூடிக்கிட்டு முந்தின நாள் மேட்ச் ஸ்கோரை நெனச்சுக்கிட்டிருப்பேன்" என்று பதில் அனுப்பினேன். ரெண்டு நீல டிக். பதில் இல்லை.

அக்காவின் பயம் ஜெபத்தைப் பற்றியது இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அந்த வளாகத்துக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலைத் தாண்டிய முதல் ஆளே அவள்தான். அதிலும் ஸ்டாஃப் ரூம் பக்கம் போய் வந்தவர்கள் யாரும் கிடையாது. கேட்டுத் தெரிந்துகொள்ள, ராத்திரி பத்தரைக்கு முழித்திருக்கும் தம்பி ஒருத்தன்தான்.

பேரையூரிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். டி.கல்லுப்பட்டி, திருமங்கலம், கப்பலூர் டோல்கேட், திருநகர், பசுமலை என்று வந்துதான் பஸ் ஊருக்குள் நுழையும். டவுன் பஸ்ஸாகப் பார்த்து ஏறினால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை; ஆனால் மாறி மாறி வரவேண்டும், நேரத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஒரு பஸ்ஸாக வந்தால் காசு. அன்றைக்கு அக்கா காசு கொடுத்தே வந்தாள். "முதல் நாளே லேட்டா போனா மரியாதையா இருக்காது."

அந்தப் பஸ் தாண்டி வரும் பசுமலைக்கு ஒரு கதை உண்டு. மதுரையின் அமெரிக்கன் கல்லூரி 1881-ல் தொடங்கியது அங்கேதான். 1909-ல்தான் வைகைக்கு வடக்கே, தல்லாகுளம் பக்கம் இப்போதிருக்கும் இடத்துக்கு வந்தது. அதை நடத்திய அமெரிக்க மதுரை மிஷன் 1834-லேயே இங்கு வந்துவிட்டது, அதுவும் யாழ்ப்பாணம் வழியாக. கல்லூரி நூலகத்துக்குப் பெயர் தந்திருக்கும் டேனியல் பூர், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823-ல் தொடங்கிய செமினரியின் முதல்வராக இருந்தவர். 1836-ல் மதுரைக்கு வந்து சில வருடம் பள்ளிக்கூடங்கள் நடத்திவிட்டு, மறுபடி யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போனார்.

அந்தக் காலத்தில் இப்படி வந்து இறங்கியவர்களுக்கு ஓரியன்டேஷன் என்ன தெரியுமா? முன்ஷி ஒருவர் முன்னால் உட்கார்ந்து தமிழ் படிப்பதுதான். எழுத்து, பேச்சு, ஊர் வழக்கம் எல்லாம். யாரை 'நீர்' என்பது, யாரை 'நீங்கள்' என்பது வரைக்கும் கற்க வேண்டியிருந்தது. அதற்கு அப்புறம்தான் வேலை.

இதற்குப் பிற்காலத்திலும் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஓபர்லின் என்றொரு கல்லூரி. சீனாவின் ஷான்சி மாகாணத்தில் கல்விப் பணிக்காக 1908-ல் 'ஓபர்லின் ஷான்சி' என்ற அமைப்பு அங்கே உருவானது. 1949-ல் சீனாவில் ஆட்சி மாறியதும் அங்கே வேலை செய்ய முடியாத நிலை. 1950-களில் அது மதுரைப் பக்கம் திரும்பியது. அமெரிக்கன் கல்லூரிக்கும், 1948-ல் கேட்டி வில்காக்ஸ் தொடங்கிய லேடி டோக் கல்லூரிக்கும் டிகிரி முடித்த இளைஞர்கள் ஆங்கிலம் கற்றுக்கொடுக்க வந்தார்கள். ரெண்டு வருடக் கணக்கு. நிரந்தர வேலை இல்லை, வந்து போகிறவர்கள். ஒருவகையில் அவர்களும் கெஸ்ட் லெக்சரர்கள்தான்!

அமெரிக்காவிலிருந்து வருகிறவருக்கு எல்லாமே புதுசு என்பது எல்லோருக்கும் தெரிகிறது. தங்க இடம் பார்ப்பார்கள், மொழி சொல்லித் தருவார்கள், கூட ஓர் ஆள் இருப்பார். பேரையூரிலிருந்து வருகிறவளுக்கும் எல்லாம் புதுசுதான். அது யாருக்கும் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

அக்காவின் ஓரியன்டேஷனுக்கு வருவோம்.

மொத்தம் ரெண்டரை மணி நேரம். புதிதாகச் சேர்ந்தவர்கள் பதினாலு பேர். முதலில் ஜெபம். அக்கா பாதிக் கண்ணை மூடினாளாம். ("அப்பிடியும் இப்பிடியுமா வச்சுக்கிட்டேன்.") பிறகு கல்லூரி வரலாறு பவர்பாயின்ட்டில், முக்கால் மணி நேரம். பிறகு டிரெஸ் கோடு, மொபைல் கூடாது, மாணவர்களோடு வாட்ஸ்அப்பில் பேசக் கூடாது, இன்டர்னல் மார்க் போர்ட்டலில் எப்படிப் போடுவது. சமோசா, டீ. கடைசியில் "எனி டவுட்ஸ்?"

யாரும் கையைத் தூக்கவில்லை. பதினாலு பேருக்கும் ஒரே சந்தேகம்தான், சம்பளம் என்றைக்கு வரும் என்பது. அதை அந்த மேடையைப் பார்த்துக் கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்?

உண்மையான ஓரியன்டேஷன் சமோசா நேரத்தில் நடந்ததாம். ஏழு வருடமாக அங்கே கெஸ்ட்டாகவே இருக்கும் ஓர் அக்கா, தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றபடி சொன்னது: "சம்பளம் ஹவர் கணக்குப்பா. காலேஜ் லீவுன்னா உனக்கும் சம்பளம் லீவு. எடுத்த ஹவரை அன்னன்னைக்கு ரிஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்து வாங்கிரு, மாசக் கடைசியில எழுதலாம்னு விட்ராத. மே மாசத்துக்கு இப்பவே சேத்து வையி. அப்புறம், ஜெபத்துக்குக் கண்ணை மூடலைனாலும் பரவால்ல, போனை சைலன்ட்ல போட்ரு."

மூணே நிமிஷம். பவர்பாயின்ட் எதுவும் இல்லை.

இந்த 'கெஸ்ட்' விவகாரம் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். ஏனென்றால் இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஒரு எம்.ஏ., எம்.எஸ்ஸி., ஜூன் மாதம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு காலேஜ் காலேஜாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கலாம்.

உதவிப் பேராசிரியர் ஆவதற்கு முதுகலையில் 55 சதவிகிதம் மதிப்பெண்ணும் நெட் அல்லது செட் தேர்ச்சியும், இல்லையென்றால் பிஹெச்.டி-யும் அடிப்படைத் தகுதி. கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்பு ஒன்றுக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. தமிழக அரசுக் கல்லூரிகளில் மாதம் 25,000 ரூபாய் தொகுப்பூதியம் என்று உயர்த்தினார்கள். அதுவும் வருடத்தில் 11 மாதங்களுக்குத்தான். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே காம்பவுண்டுக்குள் ரெண்டு உலகம் உண்டு. 'எய்டட்' பிரிவில் அரசு சம்பளம் வாங்கும் பேராசிரியர். அதே பாடத்தை, அதே சிலபஸை மதிய ஷிஃப்ட்டில் 'எஸ்.எஃப்.' எனப்படும் சுயநிதிப் பிரிவில் நடத்துகிறவருக்கு நிர்வாகம் கொடுப்பதுதான் சம்பளம். மாணவனுக்கு ரெண்டு பேருமே 'மேம்'தான். கேன்டீனில் எந்த டேபிளில் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும் என்கிறாள் அக்கா.

கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கென்று கூடுதலாகச் சில விஷயங்கள் உண்டு. காலையில் சேப்பல் இருக்கும். பல இடங்களில் கிறிஸ்தவ மாணவர்களுக்கு ஸ்க்ரிப்சர், மற்றவர்களுக்கு 'மாரல்' அல்லது எதிக்ஸ் என்று வகுப்பைப் பிரிப்பார்கள். புதிதாக வந்தவர் தலையில்தான் பெரும்பாலும் இந்த மாரல் ஹவர் விழும். அக்காவுக்கும் விழுந்தது. "பைபிள் எடுக்கச் சொல்லிருவாங்களோன்னு பயந்துட்டேன். பாத்தா நேர்மை, நேரம் தவறாமைன்னு ஒரு புக்கு. நம்ம ஆத்திசூடி மேட்டருதான்டா."

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. சிறுபான்மையினர் தங்களுக்கான கல்வி நிறுவனங்களை நடத்தும் உரிமை அரசியலமைப்பின் 30-வது பிரிவில் இருக்கிறது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில், ஒருவரை அவருடைய சம்மதமில்லாமல் மதபோதனையில் கலந்துகொள்ளச் சொல்ல முடியாது என்று 28-வது பிரிவு சொல்கிறது. மைனராக இருந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும். மாணவர்களுக்கு வகுப்பு பிரிக்கும் ஆசிரியருக்கு இந்த ரெண்டும் தெரிந்திருக்க வேண்டும். ஓரியன்டேஷனில் இதற்கு ஒரு ஸ்லைடு போட்டிருந்தால் அக்காவின் ராத்திரித் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

நானாக இருந்தால் அந்த முக்கால் மணி நேர வரலாற்றைப் பத்து நிமிஷமாக்குவேன். (வரலாறு பிடிக்கும்தான். மேலே பசுமலையைப் பற்றி நானே எவ்வளவு எழுதிவிட்டேன்!) மிச்ச நேரத்தில் சம்பளத் தேதி, லீவு விதி, எக்ஸாம் டியூட்டிக்குத் தனிப் பணமா இல்லையா, விலகும்போது அனுபவச் சான்று யார் தருவார், எத்தனை நாளில் தருவார், இதையெல்லாம் எழுத்தில் கொடுத்துவிடுவேன். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இல்லாமல் வாய்வார்த்தையில் சேர்ந்துவிட்டு, நாலு வருடம் கழித்து வேறொரு இன்டர்வியூவில் சான்று காட்ட முடியாமல் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். எங்கே என்பதை விடுங்கள். சேருகிற அன்றைக்கே ஆர்டரைக் கையில் வாங்கி, போனில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

இன்னொன்றும் சேர்ப்பேன். பழைய ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு வாரம் உட்காரவிடுவது. முனைவர் பட்டம் வாங்கியவருக்கும் எழுபது பேர் இருக்கும் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கத் தெரியாது என்பதுதான் நிஜம்.

திங்கட்கிழமை, முதல் வகுப்பு. முதலாமாண்டு பி.காம். சி.ஏ., மதியம் ரெண்டு மணி, ஃபேன் ரெண்டில் ஒன்றுதான் ஓடியது. அக்கா சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து தயாரித்த ஆங்கில அறிமுகத்தை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். வகுப்பே அமைதி. புரிந்த அமைதி இல்லை.

கடைசி பெஞ்சில் ஒரு பையன். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டதற்கு, தலையைக் குனிந்தபடி "சாப்டூர் மேம்" என்றான். பேரையூருக்குப் பக்கத்து ஊர், சதுரகிரி மலையடிவாரம். காலையில் கிளம்பி பஸ் மாறி மாறி வந்து, மதிய வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான்.

"சாப்டூரா? எந்தப் பஸ்ஸுடா பிடிக்கிற?" என்று வாயில் வந்துவிட்டதாம். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் பற்று, வரவு எல்லாம் தமிழிலேயே ஓடியிருக்கிறது. டெபிட், கிரெடிட்டுக்கு உதாரணம் சாப்டூர் மாங்காய் வியாபாரி.

மொழி விஷயத்தில் அக்காவுக்கு இன்னும் உறுத்தல்தான். இங்கிலீஷில் நடத்த வேண்டும் என்பது விதி. வெளியே யாராவது கேட்டால் என்ன ஆகும்? திருமங்கலம் பக்கம் சாத்தங்குடியில் பிறந்து, அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்து, பட்டிமன்ற மேடையில் மதுரைத் தமிழைத் தமிழ்நாட்டுக்கே கேட்க வைத்தவர் சாலமன் பாப்பையா. 2021-ல் பத்மஸ்ரீ கூடக் கொடுத்தார்கள். அவரைச் சொல்லித் தேற்றப் பார்த்தேன். "அவரு நடத்துனது தமிழ்டா. நான் கார்ப்பரேட் அக்கவுன்டிங் நடத்துறேன்" என்று வெட்டிவிட்டாள். பாயின்ட்தான்.

இப்போது ஒரு மாதம் ஓடிவிட்டது. சாப்டூர் பையனும் அக்காவும் சாயங்காலம் திருமங்கலம் வரைக்கும் ஒரே பஸ்ஸில்தான் வருகிறார்களாம். அவன் முன் படிக்கட்டுப் பக்கம், இவள் லேடீஸ் சீட்டு, தெரியாதவர்கள் மாதிரி. ஹவர் ரிஜிஸ்டரில் அன்றன்றைக்குக் கையெழுத்து வாங்கிவிடுகிறாள். ஜெபத்துக்கு முழுசாகவே கண்ணை மூடுகிறாள். "பக்தியெல்லாம் இல்லடா. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறேன்ல, அந்த ரெண்டு நிமிஷம் நிம்மதியா இருக்கு."

முதல் சம்பளம் எட்டாம் தேதி வந்தது. ஐ.டி. கார்டு நேற்றுத்தான் கைக்குக் கிடைத்தது. போட்டோ போட்டு அனுப்பியிருந்தாள். பெயரில் ஓர் எழுத்து தப்பு. மாற்றித்தர ஆபீஸில் ரெண்டு வாரம் ஆகும் என்றார்களாம்.