ஆட்டுக்கும் ஒரு பலம் வேண்டும்!

காந்திபுரம் பஸ் நிலையத்தில் பாருங்கள். காத்திருக்கும் பிள்ளைகள் கையில் செல்போன். அதில் ஒருவன் வாள் வீரன். இன்னொருவன் மந்திரவாதி. ஆளுக்கு ஒரு வேடம். வேடத்துக்கு ஒரு திறமை.

"எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு" என்கிறார்கள் பெரியவர்கள். இது பாதி உண்மைதான்.

1974-ம் ஆண்டு அமெரிக்காவில் "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்ற விளையாட்டு வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் அதை உண்டாக்கினார்கள். அதில் வீரன், மந்திரவாதி, பூசாரி என்று 3 வேடங்கள். மந்திரவாதிக்கு மந்திரம் தெரியும். ஆனால் கவசம் போடக்கூடாது! வீரனுக்குக் கவசம் உண்டு. மந்திரம் கிடையாது. ஒருவனுக்கு ஒருவன் துணை வேண்டும்.

இந்த யோசனை நமக்குப் புதிதா? இல்லை. நம் ஆடு புலி ஆட்டம் என்ன?

திண்ணையில் கட்டம் கிழிக்கிறோம். புலி 3. ஆடு 15. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடு யாரையும் வெட்டாது. "ஐயோ பாவம், ஆடு!" என்று தோன்றுகிறதா? பொறுங்கள். ஆடுகள் ஒன்றுக்குப் பின் ஒன்று நின்றால் புலி தாண்ட முடியாது. நாலு பக்கமும் அடைத்துவிட்டால் புலி அசைய முடியாது. ஆடு ஜெயித்துவிடும்!

புலிக்குப் பலம் பாய்ச்சல். ஆட்டுக்குப் பலம் ஒற்றுமை. எல்லோரும் புலியானால் ஆட்டம் ஏது?

நேபாளத்திலும் இதைப் போல ஓர் ஆட்டம் உண்டு. பெயர் "பாக் சால்". அதில் 4 புலி, 20 ஆடு. கம்ப்யூட்டர் வைத்து அதை ஆராய்ந்தார்கள். இரு பக்கமும் தவறு செய்யாமல் ஆடினால் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை என்று கண்டார்கள். யாரோ பெயர் தெரியாத கிராமத்தார் போட்ட கணக்கு எவ்வளவு சரி, பாருங்கள்!

இந்தக் கணக்கைத்தான் இன்று சில செல்போன் விளையாட்டுகள் கெடுக்கின்றன. பணம் கட்டினால் பெரிய வாள் கிடைக்கும். இன்னும் கட்டினால் இன்னும் பலம். பணம் கட்டாத பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தோற்கிறான். அப்புறம், "அப்பா, நூறு ரூபாய் கொடு" என்று நச்சரிக்கிறான். இது விளையாட்டு அல்ல, வியாபாரம்.

செல்போனைப் பிடுங்கி வீச வேண்டியதில்லை. பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பணம் கட்டாதவன் இதில் ஜெயிக்க முடியுமா?" முடியும் என்றால், கொஞ்ச நேரம் ஆடட்டும். முடியாது என்றால், அந்த ஆட்டம் வேண்டாம்.

மூன்று கல்லும் பதினைந்து புளியங்கொட்டையும் எடுத்து வையுங்கள். புலியைப் பிள்ளைக்குக் கொடுங்கள். ஆட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆட்டத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஆடிப் பார்த்த பிள்ளை, எளியவனை ஏளனம் செய்யமாட்டான்.