கொல்லிமலைச் சாமையும் நாலு கிலோ கணக்கும்

காரவள்ளி தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு ஏறும்போதே மச்சான் ஆரம்பித்துவிட்டார். ஒன்பது நாளாக அவர் பேலியோ. சோறு, இட்லி, தோசை கிடையாது. முட்டை, கறி, பன்னீர்தான். நாலு கிலோ குறைந்திருந்தார். "அத்தனையும் கொழுப்பு மாப்ள. மாவுச்சத்தை நிறுத்திட்டா உடம்பு கொழுப்பத்தானே எரிக்கணும்?" எழுபது வளைவு முடிவதற்குள் இன்னும் இரண்டு வாதங்களைச் சேர்த்துக்கொண்டார். கறி தின்பதால் தசை ஒரு கிராம்கூடப் போகாதாம். மலைக்காரர்கள் தொப்பை போடாமல் இருப்பது அரிசியைத் தொடாததாலாம். இடையில் இருபதாவது வளைவில் ஒரு தடவை, நாற்பது தாண்டி ஒரு தடவை, ஒதுங்குவதற்காக வண்டியை நிறுத்தச் சொன்னார்.

இதெல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. நியாண்டர் செல்வனின் எழுத்து வழியே பேலியோ தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்து பல வருஷமாகிறது. சோற்றைக் குறைத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. என் வழக்கு அந்த நாலு கிலோவோடுதான்.

உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நாலு கிலோவுக்கு 30,800. ஒன்பது நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 3,400-க்கு மேல். கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் மச்சான் நாளெல்லாம் செலவழிப்பதே 2,200, மிஞ்சினால் 2,400. பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் இந்தக் கணக்கு நேராகாது. பிறகு எது போனது?

பதில் அந்த இரண்டு வளைவிலும் போனது. தின்ற மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் கிளைக்கோஜனாகக் கல்லீரல் 100 கிராம் அளவுக்கும், தசைகள் எல்லாம் சேர்ந்து 400 கிராம் அளவுக்கும் இருப்பு வைக்கின்றன. ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் முதலில் காலியாவது இந்தக் குதிர்தான். அது முக்கால்வாசி வடிந்தாலே ஒன்றரைக் கிலோ போய்விடும். இன்சுலின் தணிந்ததும் சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளுகிறது, உப்போடு இன்னும் தண்ணீர் போகிறது. மூன்றாம் நாள் எழுந்து நின்றால் தலை சுற்றுவதும், ராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுப்பதும் இதனால்தான். சர்க்கரைக்கோ ரத்தக்கொதிப்புக்கோ மாத்திரை போடுகிறவர் டாக்டரிடம் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

அப்படியானால் வெறும் தண்ணீர்தான் என்று எதிர்க்கட்சி கை தட்டும். அதுவும் தப்பு. 1976-இல் அமெரிக்காவில் யாங், வான் இட்டாலி என்ற இருவர் பருமனான ஆறு பேரை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. நாளுக்கு 800 கலோரி; பத்து நாள் மச்சானுடையதைப் போலவே மாவுச்சத்தைக் குறைத்த கீட்டோ உணவு, பத்து நாள் கலப்பு உணவு. கீட்டோவில் நாளுக்கு 467 கிராம் எடை குறைந்தது. கலப்பு உணவில் 278 கிராம்தான். தராசை நம்பினால் கீட்டோவுக்கு மாலை போட வேண்டும். ஆனால் போன எடையைப் பிரித்துப் பார்த்தபோது கீட்டோவில் 61 சதவீதம் தண்ணீர், 35 சதவீதம் கொழுப்பு. மற்றதில் 37, 59.5. பெருக்கிப் பாருங்கள். இரண்டிலும் கரைந்த கொழுப்பு நாளுக்குச் சுமார் 165 கிராம். கிட்டத்தட்ட ஒரே அளவு! வித்தியாசம் ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர்.

நீண்ட ஓட்டத்திலும் பெரிய வித்தியாசம் வரவில்லை. 2018-இல் வெளியான ஒரு வருஷ ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேர் சேர்ந்தார்கள்; கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ இழந்தார்கள்.

தசை விஷயம் இன்னும் சிக்கல். ஜிம்மில் காலை வைத்து ஏறினால் கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவு என்று சீட்டு நீட்டும் மெஷின், உடம்புக்குள் மெல்லிய மின்சாரம் விட்டு அதன் தடையை வைத்து அனுமானம் செய்கிறது. தண்ணீர் வடிந்த உடம்பில் அந்த அனுமானம் தடுமாறும். வடிந்த தண்ணீரையும் கிளைக்கோஜனையும் தசைக் கணக்கில் எழுதிவிடும். ஆக, "தசை ரெண்டு கிலோ போச்சு" என்ற அலறலில் பாதிக்கு மேல் பொய். ஆனால் ஒரு கிராம்கூடப் போகாது என்பதும் பொய்தான். ஆராய்ச்சியாளர் கெவின் ஹாலின் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 17 ஆண்களைக் கீட்டோ உணவுக்கு மாற்றியபோது, புரத அளவை மாற்றாமலே, முதல் சில நாட்கள் உடம்பில் புரதம் கரைவது கூடியது, பிறகு தணிந்தது. தசையைக் காப்பது போதிய புரதமும் எடை தூக்கும் வேலையும். நம் சைவ வீடுகளில் சோற்றை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் வெண்டைக்காயை வைக்கிறார்கள். சோற்றோடு போன சாம்பார்ப் பருப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மூன்றாவது வாதத்துக்குப் பைல் நாட்டிலேயே பதில் கிடைத்தது. கொல்லிமலையின் 14 நாடுகளில் அதுவும் ஒன்று. தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் ஆயா ஒருவர் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் உமி முன்விளிம்பில் சேர்ந்து காற்றில் பறந்தது. மணி பின்னுக்கு உருண்டது. அந்தக் காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று மச்சான் கேட்டார்.

"என்னத்த சாமி, காலையில கேவுரு களி, பொழுதோட சாமச் சோறு. கறி நோம்பிக்கு."

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. 100 கிராம் சாமையில் சுமார் 65 கிராம் மாவுச்சத்து. தீட்டிய அரிசியில் 78. நார்ச்சத்து சாமையில் இரண்டு மடங்குக்கும் மேல், அது நல்லதுதான், அதுவும் தவிட்டைத் தீட்டித் தள்ளாதவரைக்கும். ஆனால் நாளுக்கு 50 கிராம் மாவுச்சத்தைத் தாண்டக் கூடாது என்கிற கீட்டோவில் ஒரு கிண்ணம் சாமைச் சோற்றோடு கணக்கு முடிந்துவிடும். மலைக்காரர்களின் வயிறு மாவுச்சத்தால்தான் நிறைந்தது; சரிவில் உழுது, அறுத்து, தலைச்சுமையாய்க் கொண்டுவந்து, உரலில் குத்தி அதைச் செலவழித்தார்கள். குத்தும் பாடு தாங்காமல்தான் பல வீடுகள் சாமையை விட்டு ரேஷன் அரிசிக்கு வந்தன. சேகோ ஆலைக்குப் போகும் மரவள்ளி சாமைக் காட்டைப் பிடித்துக்கொண்டது. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானியம் காக்க இறங்கியபோது உமி நீக்கும் மெஷின்களையும் கொண்டுவந்தது அதனால்தான்.

அன்று இரவும் மறுநாளும் மச்சான் விரதத்தை ஒத்திவைத்தார். சாமைச் சோறு, அவரைக்காய்க் குழம்பு, இரண்டு தடவை மறுசோறு. இறங்கும்போது எழுபது வளைவில் ஒன்றில்கூட வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தராசில் ஏறினார். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது.

"ரெண்டு நாள் சாமச் சோத்துக்கு ஒன்றரைக் கிலோ கொழுப்பா மாப்ள?"