பழைய மோட்டார்களும் சர்க்காரின் கடமையும்

திருவண்ணாமலையில் சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோர், மலைக்குப் பின்புறத்தே அடி அண்ணாமலையைக் கடந்து செல்கின்றனர். நகரத்துப் பெரிய கோயிலின் ராஜகோபுரத்தைக் கண்டு வியந்தவர்கள், இங்குள்ள ஆதி அண்ணாமலையார் ஆலயம் சிறிதென்று அலட்சியம் செய்வதில்லை. பழமைக்கு உரிய மரியாதையை அளிப்பது நம் ஜனங்களின் இயல்பு. கோயில் விஷயத்தில் நமக்குள்ள இந்நல்லுணர்ச்சி, நம் தேசத்துத் தொழிலாளர் கைகளால் உருவான இயந்திரங்கள் விஷயத்தில் இருக்கிறதா என்பதே இன்று நாம் கேட்கும் கேள்வி.

ஒரு காலத்தில் கலெக்டர் வருகிறார் என்றால், வெள்ளை அம்பாஸடர் வருகிறது என்றே கிராமத்தார் பொருள் கொண்டனர். வங்காளத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1950-களின் பிற்பகுதியில் செய்யத் தொடங்கிய இவ்வண்டி, 2014-ல் நின்றுபோயிற்று. சென்னையிலோ ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் வண்டி 1961 முதல் உருவாயிற்று. இன்று இவற்றில் ஒன்று வீதியில் வந்தால் வாலிபரும் நின்று பார்க்கின்றனர். பளபளப்பில் மயங்கி அவர்கள் நிற்பதாக நாம் கருதவில்லை. குடும்பம் முழுவதும் நெருக்கமின்றி உட்காரலாம். கரடுமுரடான பாதையைத் தாங்கும். பழுதுற்றால் சிற்றூர்ப் பட்டறைக்காரனே பிரித்துப் பூட்டிவிடுவான். உபயோகத்தினின்று பிறந்த அழகு எளிதில் மங்குவதில்லை. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தியடிகள் மேற்கொண்ட அரையாடை இன்றும் உலகத்தார் கண்முன் நிற்பதற்கும், அவர் கொள்கையும் கோலமும் ஒன்றாயிருந்ததே காரணமன்றோ?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 2021-ல் மத்திய சர்க்கார் வகுத்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து, பூர்வ உருவம் மாறாதிருக்கும் சொந்த உபயோக வண்டிகளே பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு பெறும். மற்றொரு விதியோ, ராணுவம் முதலிய சில விசேஷ வண்டிகள் நீங்கலாக, 15 ஆண்டு கடந்த சர்க்கார் வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் செல்லாது என்கிறது. 2014-ல் பதிவான சர்க்கார் அம்பாஸடர் ஒன்று இருக்குமாயின், அதன் ஆயுள் 2029-ல் முடியும். அதற்குப் பழம்பெருமை வாய்ப்பதற்கோ 2064 வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அது பழைய இரும்பாகிவிடும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பழைய இயந்திரங்களின் புகை நஞ்சென்பதை நாம் மறுக்கவில்லை. அவற்றை வீதியில் ஓட்ட வேண்டுமென்றும் கேட்கவில்லை. அம்பாஸடரின் மூல உருவம் ஆங்கிலேயரின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு தானே, பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தை ஏன் கொண்டாட வேண்டும் என்று சிலர் வினவலாம். கொண்டாடுவது வேறு, காப்பது வேறு. குறைகளோடு கூடிய சரித்திரமே உண்மைச் சரித்திரம். பிறர் உருவத்தை வாங்கி, நம் தொழிலாளர் அதைப் படிப்படியாகத் தம்முடையதாக்கிக் கொண்ட கதையை, ஏட்டினும் இரும்பே தெளிவாகச் சொல்லும்.

கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு பெயரால் நடைபெறும் தர்ம ஸ்தாபனத்தார் 2015-ல் கார் காட்சிசாலை ஒன்றைத் திறந்து வழிகாட்டியுள்ளனர். தனியார் செய்ததைச் சர்க்கார் செய்யலாகாதா? அம்பாஸடர் எஞ்சியுள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு வண்டியையேனும் உடைக்காமல் நிறுத்தி வைக்க மத்திய சர்க்கார் விலக்களிக்க வேண்டும். மாகாணச் சர்க்கார் அதற்கு ஒரு கொட்டகை அமைத்து, பராமரிப்பைத் தொழிற்பயிற்சி மாணவரிடம் ஒப்புவிக்க வேண்டும். பழைய பட்டறைக்காரர்களை அம்மாணவருக்கு ஆசிரியராக்க வேண்டும். வண்டி மறைந்தால் உருவம் மட்டும் போகும். அவர்கள் மறைந்தாலோ கைத்திறனே போய்விடும்.

இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை, மனம் வேண்டும். இரும்பு விலைக்கு விற்றதை எந்த விலை கொடுத்தும் மீட்க முடியாது. அதிகாரிகள் இப்போதே விழித்துக்கொள்வார்களென்று நம்புகிறோம்.