பெயரை விட்டுவிட்டு வந்தவர்கள்

மைக்கேல் ஜாக்சன் என்றால் எல்லோரும் 'த்ரில்லர்' பற்றித்தான் பேசுவார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் 1979 ஆகஸ்டில் வந்த 'ஆஃப் த வால்' என்பார்கள். அதற்கு எட்டு மாதம் முன்னால், 1978 டிசம்பரில், அண்ணன் தம்பி ஐந்து பேர் சேர்ந்து போட்ட 'டெஸ்டினி' ஆல்பத்தை யாரும் கண்டுகொள்வதே இல்லை. இத்தனைக்கும் பாட்டு எழுதுகிற மைக்கேல் பிறந்தது அதில்தான்.

இந்தியானா மாநிலத்தில் கேரி என்கிற உருக்காலை ஊர்க்காரர்கள் இந்தச் சகோதரர்கள். மோடவுன் கம்பெனியில் 'ஜாக்சன் 5' என்ற பெயரில் அவர்கள் வெளியிட்ட முதல் நான்கு சிங்கிள்களும் 1970-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தன. ஆனால் பாட்டு எழுதுவது, இசையமைப்பது, எது வெளிவரவேண்டும் என்று முடிவெடுப்பது எல்லாமே கம்பெனி ஆட்கள். பையன்கள் வந்து பாடிவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான். பத்துப் பதினொரு வயதில் அது சரி. வளர்ந்து சொந்தமாக எழுத ஆசைப்பட்டபோதும் இடம் கிடைக்கவில்லை. ராயல்டியும் சொற்பம். 1975-ல் எபிக் கம்பெனிக்கு மாறுவது என்று முடிவெடுத்தார்கள்.

இங்கேதான் கணக்குப் பாடம் ஆரம்பிக்கிறது. 'ஜாக்சன் 5' என்ற பெயர் மோடவுனுக்குச் சொந்தம். குடோனில் இருக்கிற சரக்கை விட்டுவிட்டு வரலாம், திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஊர் உலகத்துக்கே தெரிந்த பெயரை விட்டுவிட்டு வருவது சாதாரண நஷ்டமா? அதோடு ஒரு சகோதரனும் போனார். ஜெர்மைன், மோடவுன் முதலாளி பெர்ரி கோர்டியின் மருமகன்; மாமனார் பக்கமே இருந்துவிட்டார். அவர் இடத்துக்குக் கடைக்குட்டித் தம்பி ரான்டி வந்தார். குழுவின் பெயர் 'த ஜாக்சன்ஸ்' ஆனது.

புது இடத்திலும் சுதந்திரம் உடனே கிடைக்கவில்லை. முதல் இரண்டு ஆல்பங்களும் ஃபிலடெல்ஃபியாவின் கேம்பிள், ஹஃப் கையில் போயின. நல்ல கைகள்தான், ஆனால் அடுத்தவர் கைகள். ஒவ்வொன்றிலும் இவர்கள் எழுதியது இரண்டே இரண்டு பாட்டு. 1977-ல் வந்த இரண்டாவது ஆல்பம் சரியாகப் போகாத பிறகுதான் 'டெஸ்டினி'யைத் தாங்களே தயாரிக்க வழி பிறந்தது.

மொத்தம் எட்டுப் பாட்டு, ஏழு அவர்கள் எழுதியவை. வேடிக்கை என்னவென்றால், ஆல்பத்தின் முதல் பாட்டு, இன்றைக்கும் கல்யாணப் பார்ட்டிகளில் ஒலிக்கிற 'பிளேம் இட் ஆன் த பூகி', அந்த எட்டாவது! எழுதியவர்களில் ஒருவர் மிக் ஜாக்சன் என்ற ஆங்கிலேயர். சொந்தக்காரர் எல்லாம் இல்லை, பெயர்ப் பொருத்தம் மட்டுமே. அமெரிக்காவில் அது 54-ம் இடத்தைத் தாண்டவில்லை. மைக்கேலும் ரான்டியும் எழுதிய 'ஷேக் யுவர் பாடி'யோ 1979-ல் 7-ம் இடத்துக்கு வந்து, பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஆல்பம் வந்தபோது ஒருவருக்கு 20 வயது, இன்னொருவருக்கு 17.

ஆல்பம் முழுக்கத் தங்கம் என்று சொல்லமுடியாது. 'புஷ் மீ அவே'யில் வயலின்கள் பாகு மாதிரி வழிகின்றன. 'ஆல் நைட் டான்சின்' பாதியிலேயே முடிந்திருக்கலாம். ஆனால் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். எல்லோரிடமும் தன்மையாக நடந்து அடிபடுகிற ஒருவனின் பாட்டு. கம்பெனி ஆட்கள் எழுதித் தந்த பாட்டுகளில் இந்த வலி கிடையாது.

மைக்கேலை உருவாக்கியது குவின்சி ஜோன்ஸ்தான் என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர் பெரிய ஆள்தான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் 'ஷேக் யுவர் பாடி'யை, சிங்கிளுக்காக வெட்டியதை அல்ல, ஆல்பத்தில் இருக்கிற எட்டு நிமிட வடிவத்தைக் கேட்டுவிட்டு, உடனே 'ஆஃப் த வால்' ஆல்பத்தின் 'டோன்ட் ஸ்டாப் டில் யு கெட் இனஃப்' கேட்டுப் பாருங்கள். சுற்றிச் சுற்றி வருகிற அதே மாதிரி பேஸ், அதன்மேல் அடுக்கடுக்காகக் குரல்கள், பாட்டு முடியவே வேண்டாம் என்கிற அதே பிடிவாதம். கீபோர்டு வாசித்த கிரெக் ஃபிலிங்கேன்ஸ்கூட இரண்டு ஆல்பத்திலும் அதே ஆள்தான். குவின்சி உள்ளே வருவதற்கு முன்பே அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.